நாத்தனார் ஜாடை

அத்தியாயம் 11

மதலேனம்மா போனை வைத்த பிறகு பத்திநாதன் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை என்பதைப் போன வாரம் பார்த்தோம். பொழுது விடிந்தும் நிலைமை அப்படியேதான் இருந்தது. அன்று சனிக்கிழமை. மறுநாள் காலைப் பூசையில் முதல் ஓலை வாசித்தாக வேண்டும்.

இன்னார் மகனும் இன்னார் மகளும் கல்யாணம் செய்யப் போகிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோவிலில் சாமியார் வாசிப்பதுதான் கல்யாண ஓலை. பெண் வீட்டுக் கோவிலிலும் வாசிப்பார்கள், மாப்பிள்ளை வீட்டுக் கோவிலிலும் வாசிப்பார்கள். மஸ்கெலியாப் பக்கம் வாசிப்பதில் யாருக்கும் சங்கடமில்லை. றொசல்லயில்தான் வில்லங்கம்.

இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் அதே றொசல்லக் கோவிலில் யூஜினா என்ற பெயரை மூன்று ஞாயிறு வாசித்தார்கள். மாப்பிள்ளை, மதலேனம்மாவின் தம்பி சவரிமுத்து. கல்யாணத்தன்று கோவில் நிறைய ஆட்கள் இருந்தார்கள், பந்தலில் சமையல் முடிந்திருந்தது, பெண்ணைத்தான் காணவில்லை. முதல் நாளே பஸ் ஏறிப் போய்விட்டாள். எங்கே போனாள், யாரோடு போனாள் என்று யாருக்கும் தெரியாது.

அந்த யூஜினாவின் அண்ணன்தான் பத்திநாதன். பத்திநாதனின் மனைவி நம் ஷிராணி. இவர்களுடைய மகளுக்குத்தான் இப்போது மதலேனம்மாவின் மகன் ஜூட்சனைப் பேசியிருக்கிறார்கள். அவள் பெயரும் யூஜினா.

மதலேனம்மாவைக் குறை சொல்லக் கூடாது. எந்தக் குடும்பம் என்று தெரிந்துதான் பெண் பார்க்க வந்தாள். ஹட்டனில் பார்மசியில் வேலை செய்கிற பெண்ணும், அதே தெருவில் போன் திருத்துகிற பையனும் மனம் ஒத்துப் போயிருக்கும்போது பழையதைக் கிளறுவானேன் என்று பெருந்தன்மையாகவே நடந்துகொண்டாள். பெண்ணின் தாடையைத் தொட்டு, "லட்சணமான மொகம், மாதா சுரூபத்துல பாக்குற மாதிரி அமைதி" என்று வாயாரச் சொல்லிவிட்டுப் போனாள். அன்று எல்லோரும் பெண்ணைப் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். ஷிராணி வீட்டில் எப்போதும் கூப்பிடுவதும் அப்படித்தான்.

ஓலைக்குப் பெயர் கொடுக்கப் போன இடத்தில்தான் முழுப்பெயர் மதலேனம்மாவின் காதில் விழுந்தது. அன்று சாயங்காலமே போன் வந்தது. கோவிலில் அந்தப் பெயரை மறுபடி வாசித்தால் சனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும், ஆகவே பெயரை மாற்றுங்கள், முடியாவிட்டால் பேச்சை விடுங்கள் என்றாள். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. பெயரைக் கேட்ட பிறகு பெண்ணின் முகமும் ஓடிப்போனவள் முகமாகவே தெரிகிறது, அந்த முகத்தைத் தினமும் என் வீட்டில் பார்க்க என்னால் முடியாது என்றும் சொல்லிவிட்டாள். சாமியாரிடம் கேட்டதற்கு, ஞானஸ்நானத்தில் வைத்த பெயரைத்தான் வாசிக்க முடியும் என்று கையை விரித்துவிட்டார்.

அந்த முகம், அந்த முகம் என்று எல்லோரும் சொல்கிறார்களே, அந்த முகத்தை ஷிராணி ஒருநாளும் பார்த்ததில்லை. நாத்தனார் ஓடிப்போய் ஒரு வருடம் கழித்துத்தான் இவள் இந்தத் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டுக்கு மருமகளாக வந்தாள். வீட்டிலிருந்த படங்களை மாமியார் அதற்குள் அடுப்பில் போட்டிருந்தார். ஆனால் பிள்ளை பிறந்ததும் அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று பத்திநாதன் ஒற்றைக்காலில் நின்றார். வீட்டை விட்டுப் போனவளின் பெயரை வீட்டில் ஒரு பிள்ளைக்கு வைத்துக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தால், போனவள் என்றைக்காவது திரும்பி வருவாளாம். பத்து மாதம் சுமந்தவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பெயர் வைத்த மறுநாளே ஆரம்பித்தது. பக்கத்துக் காம்பரா வீட்டுக் காளியாயி தொட்டிலைக் குனிந்து பார்த்து, "அப்படியே யூஜினா" என்றாள். அடுத்து வந்தவளும் அதையே சொன்னாள். பத்திநாதன் ஆள் ஆளாகக் கூட்டி வந்து காட்டி, "பாருங்க, உரிச்சு வச்ச மாதிரி என் தங்கச்சி" என்றார். பிள்ளை நடந்தால் அத்தை நடை, சிரித்தால் அத்தை சிரிப்பு, பிடிவாதம் பிடித்தால் கேட்கவே வேண்டாம். பெற்றவளின் ஜாடையில் ஒரு நகம்கூட இருப்பதாக இத்தனை வருடத்தில் ஒருவர் வாயிலும் வரவில்லை. பார்க்காத முகத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

ஷிராணிக்குத் தன் பெயரோடும் ஒரு மனத்தாங்கல் உண்டு. கிளினிக்கில் ஷிராணி என்று கூப்பிட்டால் இவள் எழுந்து நிற்பாள். மருந்து கொடுக்கிற பெண் இவளைத் தாண்டிப் பின்னால் பார்ப்பாள். அந்தப் பெயருக்கு அவள் மனதில் கவுன் போட்ட ஒரு டவுன் பெண் இருப்பாள் போலிருக்கிறது. கொழுந்துக் கறை படிந்த விரலும் வெயிலில் காய்ந்த முகமுமாக ஒருத்தி வந்து நின்றால், நீயா ஷிராணி என்று சிங்களத்தில் ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் மருந்தைத் தருவாள். தனக்குத்தான் பெயரும் முகமும் சேரவில்லை, மகளுக்காவது சேராமல் இருக்கக் கூடாதா என்று ஷிராணி நினைத்துக்கொண்டாள்.

அன்று அவள் பெரட்டுக்கு, கொழுந்து பறிக்கப் போகவில்லை. தலைக்குக் குளித்து, நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு, மகளையும் புறப்படச் சொன்னாள்.

பத்திநாதன் வாசலில் உட்கார்ந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கொழுந்து அரைக்கிற தேயிலை ஸ்டோரில் காலை வேலை.

"எங்க போறீங்க ரெண்டு பேரும்?"

"றொசல்லக்கு. அந்த அம்மா மொகத்தப் பாத்துப் பேசப் போறேன்."

அவர் முகம் மாறியது. போக வேண்டாம் என்றார். காலில் விழுந்து கட்டிக்கொடுக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை, வேறு இடம் பார்க்கலாம் என்றார். ஷிராணிக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த குடையைத் தரையில் ஊன்றினாள்.

"பேரு வச்சது நீங்க. ஊரு முழுக்க ஜாடை, ஜாடைன்னு தம்பட்டம் அடிச்சதும் நீங்க. இப்ப எம்புள்ள வாழ்க்கை அதுல மாட்டிக்கிட்டு நிக்கிது, நீங்க வேற எடம் பாக்கலாம்னு சொல்றீங்க. நல்லா இருக்குங்க நியாயம்."

அவர், போய் வந்ததும் போன் பண்ணு என்று மட்டும் முணுமுணுத்துவிட்டு இறங்கி நடந்தார்.

மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் போகிற பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. பாதி வழியில் உட்கார்ந்த பிறகுதான் மகள் வாயைத் திறந்தாள். ஜூட்சன் ராத்திரி முழுக்க அவன் அம்மாவிடம் சண்டை போட்டானாம். கோவில் வேண்டாம், பதிவு மட்டும் செய்துகொள்ளலாம் என்கிறானாம். இவளுக்கு அதில் இஷ்டமில்லை.

"அப்படிச் செஞ்சா அத்தை மாதிரியே ஓடிட்டான்னுதான் சொல்லுவாங்க. என்ன செஞ்சாலும் அவங்க செஞ்ச கணக்குல போகுதும்மா. ஸ்கூல்ல ஒருநாள் லேட்டா வந்ததுக்குக்கூட அத்தை பேச்சுத்தான் வந்துச்சு. இந்த மூஞ்ச நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

ஷிராணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மகளின் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கும் அதில் தெரிந்தது, பார்த்தே இராத ஒருத்திதான். அவ்வளவு தரம் சொல்லக் கேட்டாயிற்று.

மதலேனம்மாவின் வீடு றொசல்லயில் ரோட்டோரம், தகரம் மாற்றி ஓடு போட்ட வீடு. வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தாளோ என்னவோ, இவர்களைக் கண்டதும் தடுமாறி, உள்ளே வாங்க என்றாள். தேத்தண்ணி வந்தது. ஷிராணியின் கையில் கொடுத்தாள். பெண்ணின் கோப்பையை மட்டும் முகத்தைப் பார்க்காமல் மேசையில் வைத்தாள்.

ஷிராணி நேராகவே பேச்சை எடுத்தாள். பெண் பார்க்க வந்தபோது லட்சணமாக இருந்த முகம் நாலு வாரத்தில் எப்படிக் கெட்டுப்போனது என்று கேட்டாள்.

"கெட்டுப்போச்சுன்னு நான் சொல்லல அண்ணி. ஆனா அந்தப் பேரு காதுல விழுந்த பொறகு பாத்தா அவதான் வந்து நிக்கிறா. நான் என்ன செய்ய?" என்றாள் மதலேனம்மா. கல்யாணத்தன்று தம்பி மாலையும் கையுமாக நின்ற நிலை, அவனைக் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தது, அந்தச் சோற்றை மறுநாள் மாட்டுக்குக் கொட்டியது எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அழுகை பொய்யில்லை. ஷிராணிக்கே ஒரு நிமிடம் மனம் இளகியது.

ஆனாலும் விட்டுக்கொடுக்க முடியுமா? எங்கள் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற கண்டாக்குக்குச் சின்னத்தம்பி என்று பெயர், ஆள் கதவில் குனிந்துதான் நுழைவார், பெயர் வைத்ததற்காக அவர் குள்ளமாகிவிட்டாரா என்று கேட்டாள். மதலேனம்மா மூக்கைச் சிந்தினாளே தவிர மசியவில்லை. பெயர் சும்மா போகாது, கூப்பிடக் கூப்பிட முகத்தில் ஏறிவிடும் என்றாள். பேச்சு சுற்றிச் சுற்றி அதே இடத்தில் வந்து நின்றது. யூஜினா கோப்பையைத் தொடவேயில்லை.

அந்த நேரத்தில்தான் வேன் சாவியைக் கேட்டுக்கொண்டு ஓர் ஆள் உள்ளே வந்தார். காதோரம் நரை, சட்டையில் எண்ணெய்க் கறை. அவர்தான் சவரிமுத்து. கல்யாணம் நின்ற அடுத்த வருடமே வேறு பெண்ணைக் கட்டி, மூன்று பிள்ளைகளோடு பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். அவருக்கு ஆறிப்போன புண்ணை அவருடைய அக்காதான் இத்தனை வருடமாக ஆற விடாமல் வைத்திருக்கிறாள்.

"நீயே பாருடா தம்பி. இந்த மொகம் யாரு மொகம்?" என்றாள் மதலேனம்மா.

ஷிராணிக்கு உடம்பு கூசியது. மகளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் யூஜினா எழுந்து நின்று, பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போல முகத்தை நிமிர்த்திக்கொண்டாள்.

சவரிமுத்து அவளைப் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். பிறகு ஷிராணியைப் பார்த்தார்.

"யாருக்கா சொன்னது இது அவ மாதிரின்னு? அவளுக்கு நெத்தியே கெடையாது, புருவத்துக்கு மேல முடி வந்துரும். சிரிச்சா ஈறு தெரியும். கன்னம் உப்பலா இருக்கும். இந்தப் புள்ளைக்கு அதுல ஒண்ணு இருக்கா? மூக்கு, தாடை, இப்ப மொறச்சுக்கிட்டு நிக்கிது பாருங்க அந்த நிலை, எல்லாம் இந்தா உக்காந்திருக்காங்களே, இந்த அம்மா ஜாடை."

மதலேனம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்ணின் முகத்தைப் பார்த்தாள், அப்புறம் ஷிராணியின் முகத்தை, திரும்பவும் பெண்ணை. "ஆமா," என்றாள் கடைசியில், தன்னையே நம்பாதவள் மாதிரி. "மூக்கு ஒங்க மூக்குத்தான்."

ஷிராணிக்கு அழுகை முட்டியது. வந்த காரியத்தை அந்தக் கணம் மறந்தே போனாள் என்று சொல்ல வேண்டும். எம்புள்ள, எம்புள்ள என்று உள்ளே ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. காளியாயியைப் பிடித்து இழுத்துவந்து இந்த மனிதர் முன்னால் நிறுத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு.

மதலேனம்மா தணிந்தாள். தம்பிக்கே வலிக்கவில்லை என்றால் தான் எதற்காக மல்லுக்கு நிற்க வேண்டும் என்ற எண்ணம் வந்திருக்கலாம். நாளைக்கு ஓலை வாசிக்கட்டும், சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள்.

"அந்தப் பொம்பளை வாசல்ல வந்து நின்னுறக் கூடாது அண்ணி. கல்யாணத்துக்கும் வரக் கூடாது, அதுக்குப் பொறகும் வரக் கூடாது. ஒங்க வீட்டுல யாருக்காச்சும் அவளோட போக்குவரத்து இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிருங்க. பின்னாடி தெரிஞ்சா நான் மனுசியா இருக்க மாட்டேன்."

"இருபத்தாறு வருசமா அவங்க இருக்காங்களா செத்தாங்களான்னே எங்களுக்குத் தெரியாதுங்க" என்றாள் ஷிராணி. சுவரில் திருஇருதயப் படம் மாட்டியிருந்தது. எழுந்து போய் அதன்மேல் கையை வைத்தாள். "எங்க வீட்டுல ஒருத்தருக்கும் அவங்களோட பேச்சும் இல்ல, போக்குவரத்தும் இல்ல. இந்தப் படத்து மேல சத்தியம். பொய்யின்னா இந்தக் கல்யாணம் எங்களுக்கு வேணாம்."

மதலேனம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றிவந்து, இந்தத் தடவை மருமகளின் கையிலேயே கொடுத்தாள். சவரிமுத்து மட்டும் சாவியை எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி வெளியே போய்விட்டார்.

புறப்படும்போது ஹட்டன் வரைக்கும் தானே வேனில் விடுவதாக அவர் சொன்னார். ஜூட்சன் அதற்குள் செய்தி தெரிந்து வந்துவிட்டான். அவனும் யூஜினாவும் வாசல் படலைப் பக்கம் நின்று பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஷிராணி வேனருகில் வந்து, கடவுள் மாதிரி வந்து காப்பாத்துனீங்க அண்ணே என்றாள்.

சவரிமுத்து வேன் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"தங்கச்சி, அந்தச் சத்தியத்த நீங்க பண்ணியிருக்க வேணாம்."

ஷிராணிக்கு விளங்கவில்லை.

"இருபத்தாறு வருசத்து மூஞ்சி யாருக்குத் தங்கச்சி ஞாபகம் இருக்கும்? எனக்கு எம்பொண்டாட்டி மூஞ்சிதான் ஞாபகம். நான் அந்த யூஜினாவப் போன மாசம் பாத்தேன். நல்லதண்ணியில. மலைக்கு யாத்திரை போற ஆளுங்கள ஏத்திக்கிட்டுப் போனேன், சீசன் கடையில அவ நிக்கிறா. தொப்பி, கம்பளிச் சட்டை எல்லாம் போட்டு விக்கிறா. அதான் நெத்தி, ஈறு எல்லாம் சொல்ல முடிஞ்சிச்சு."

"நல்லதண்ணியிலயா?" அவர்களுடைய தோட்டத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட இல்லை.

"அவ மட்டும் இருந்தா நான் இப்ப வாயத் தொறந்திருக்க மாட்டேன். பக்கத்துல ஒங்க வீட்டுக்காரர் நின்னாரு. கடைக்கு மேல மழைக்குப் படங்கு கட்டிக்கிட்டு இருந்தாரு. அடிக்கடி வந்து போறவர் மாதிரிதான் இருந்திச்சு, கயிறு எங்க இருக்கு, கத்தி எங்க இருக்குன்னு அவருக்கே தெரியுது. என்னையக் கண்டதும் உள்ள போயிட்டாரு." அவர் துணியை உதறி மடித்தார். "நான் அக்காகிட்ட சொல்ல மாட்டேன். ஆனா றொசல்லயிலருந்து நல்லதண்ணிக்கு வேன் ஓட்டுறவன் நான் ஒருத்தன் இல்லையே."

ஷிராணி வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். படத்தின் மேல் வைத்த கை அது.

எவ்வளவு காலமாக என்று தெரியாது. ஆனால் போன மாதம் தங்கையைப் பக்கத்தில் நின்று பார்த்த மனிதர், போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போதுகூட மகளைக் காட்டி யாரிடமோ, உரிச்சு வச்ச மாதிரி என் தங்கச்சி என்றுதான் சொன்னார். ஷிராணி பக்கத்தில்தான் நின்றாள். இரண்டு முகத்தையும் தெரிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். இன்று காலை போக வேண்டாம் என்று தடுத்ததும் மானத்துக்காக இல்லை, சவரிமுத்து வாயைத் திறந்துவிடுவார் என்ற பயத்தில்தான் என்பது இப்போது விளங்கியது. இனி உள்ளே போய் மதலேனம்மாவிடம் உண்மையைச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும். சொல்லாவிட்டால் நாளைக் காலை சாமியார், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசிக்கும்போது இவள் முன்வரிசையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

படலைப் பக்கமிருந்து யூஜினா திரும்பி, "வரட்டுமாம்மா?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக ஷிராணிக்கு அந்த முகத்தில் தன் முகம் தெரிந்தது. அதை ஆசைதீரப் பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு, ரோட்டின் மறுபக்கம் போய் நின்று பத்திநாதனுக்குப் போன் எடுத்தாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார். ஸ்டோர் மெஷின் சத்தம் பின்னால் கேட்டது. "என்னாச்சு? ஒத்துக்கிட்டாங்களா?"

"போன மாசம் நல்லதண்ணிக்கு எதுக்குங்க போனீங்க?"

மெஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஷிராணி காத்திருந்தாள். போகவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாரா, சவரிமுத்து ஆள் மாறிப் பார்த்துவிட்டார் என்று தான் நம்பிவிட மாட்டோமா என்று அந்த நேரத்திலும் ஆசைப்பட்டாள்.

"யாரு சொன்னது?" என்று கேட்டார் பத்திநாதன்.